எட்டாம் நிலையில் வாசிக்காத வரி

பெரிய வெள்ளி நண்பகலில் எங்கள் மலைச் சபையில் மணி அடித்துவிட்டால் மூன்று மணிவரை யாரும் வெளியே வருவதில்லை. மும்மணி ஆராதனை. பூமியில் இருள் சூழ்ந்திருந்த அந்த மூன்று மணி நேரத்தை நினைத்து, சிலுவையில் இயேசு பேசிய ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேசுவார்கள். ஐயர் ஒன்று, உபதேசியார் ஒன்று, பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் ஒன்று, வெளியூரிலிருந்து அழைத்து வந்தவர் ஒன்று என்று பங்கு பிரியும். மன்னிப்பு முதல் வார்த்தை, தாகம் ஐந்தாம் வார்த்தை என்று எங்களுக்கு எண்ணோடு மனப்பாடம்.

அதே நாள் காலையில் கத்தோலிக்கர்கள் மரச்சிலுவையைத் தோள் மாற்றித் தூக்கிக்கொண்டு தேயிலைக் காட்டு வழியே ஏறுவார்கள். பதினான்கு நிலை. என் அம்மா சி.எஸ்.ஐ. சபை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் எங்கள் அடுத்த வீட்டு அத்தை கத்தோலிக்கர். இரத்த உறவு கிடையாது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர் என்பதால் வந்த அத்தை. காலையில் அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு சிலுவைப்பாதை, நண்பகலில் அம்மாவின் பக்கத்தில் மும்மணி ஆராதனை என்று என் சிறுவயதுப் பெரிய வெள்ளிகள் போயின. மூணாறில் இரண்டு கோயிலுமே பழையவை. மவுண்ட் கார்மல் 1898இல் தொடங்கியது. சி.எஸ்.ஐ. கிறிஸ்து ஆலயத்துக்கு 1910இல் அடிக்கல் போட்டார்கள். ஒன்று துறவிகள் தொடங்கியது, மற்றது தோட்டத்துத் துரைகள் தங்களுக்காகக் கட்டியது. இரண்டிலும் இன்று தமிழ் ஒலிக்கிறது. ஒலிக்க வைத்தவர்கள் திருநெல்வேலியிலிருந்தும் கோவில்பட்டிப் பக்கமிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் கங்காணிகளின் பின்னால் மலை ஏறி வந்த எங்கள் பாட்டன் பாட்டிகள்.

இத்தனை பெரிய வெள்ளிகளுக்குப் பிறகு ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்திருக்கிறது. சிலுவையில் அறையப்பட்ட பின் பேசியவற்றுக்கு ஏழு பிரசங்கம் இருக்கிறது. அறையப்படுவதற்கு முன், வியாழன் சாயங்காலப் பந்தியிலிருந்து ஆணி இறங்கும்வரை பேசியவற்றுக்கு அப்படி ஒரு நேரம் ஏன் இல்லை? யோவான் மட்டுமே பதின்மூன்றாம் அதிகாரத்திலிருந்து பதினேழு வரை ஐந்து அதிகாரங்களை அந்த ஒரு ராத்திரிப் பேச்சுக்குக் கொடுத்திருக்கிறார். தோட்டத்தில் பேசியது, கைதான நேரத்தில் பேசியது, அறை வாங்கியபோது பேசியது, தெருவில் பேசியது என்று எல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. நாம் அவற்றை வாசிக்கிறோம், ஆனால் அவற்றின் மேல் உட்காருவதில்லை.

சிலுவைமேல் பேசியவை நமக்கு ஆறுதல் தருகின்றன, அதனால் அங்கே தங்கிவிட்டோம் என்று நினைக்கிறேன். அதற்கு முன் பேசியவை வேலை கொடுக்கின்றன.

வியாழன் இரவை முதலில் சொல்கிறேன். கெத்செமனேயில் மூன்று பேரை மட்டும் தனியே அழைத்துப் போய், கூட விழித்திருக்கும்படி கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். அத்தையின் கோயிலில் பெரிய வியாழன் இரவு ஆராதனையில் இந்தக் காட்சியைச் சொல்லும்போதெல்லாம் தூங்கினவர்களைத் திட்டுவதே வழக்கம். அத்தையும் தூங்கிப்போவார். விடியுமுன் எழுந்து சமைத்து, பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, பகல் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து எடுத்து, எடை போட்டு, இறங்கி வந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டு வந்த உடம்பு அது. மேலே திட்டு நடந்துகொண்டிருக்க அத்தை தலை தொங்கி உட்கார்ந்திருப்பார். விழித்ததும் குற்றவாளியைப் போலச் சுற்றிலும் பார்ப்பார்.

லூக்கா ஒரு சொல் சேர்த்திருக்கிறார். அதை அத்தைக்கு யாரும் சொல்லவில்லை. அந்தச் சீடர்கள் துக்கத்தினால் தூங்கினார்களாம். இயேசுவும் அவர்களைத் தூக்கி எறியவில்லை. மனம் தயாராக இருந்தாலும் உடம்பு பலவீனமானது என்று அவர்களுக்காக அவரே காரணம் சொன்னார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விழித்திருக்கச் சொன்னது எல்லோரிடமும் அல்ல, பேதுரு, யாக்கோபு, யோவான் என்ற மூவரிடம். கூட்டத்தின் பொறுப்பு யார் கையில் இருந்ததோ அவர்களிடம். உழைத்துக் களைத்தவர் தூங்கலாம். அவர் தூங்கும்போது விழித்திருக்க வேண்டியவர் வேறொருவர். இந்த வேறுபாட்டைப் பின்னால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

பந்தியிலிருந்து எழுந்து துண்டைக் கட்டிக்கொண்டு பாதம் கழுவியதும் அதே இரவுதான். அத்தையின் கோயிலில் அன்று பன்னிரண்டு ஆண்கள் வரிசையாக உட்காருவார்கள். எல்லாரும் வீட்டிலேயே தேய்த்துக் கழுவிவிட்டு வந்த பாதங்கள். தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெண்களின் பாதங்களை நான் அறிவேன். மழைக்காலத்தில் விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண். கணுக்காலில் அட்டை கடித்த தழும்பு, கவ்வாத்து வெட்டிய குச்சி கீறிய கோடு. அழுக்குப் பாதத்தைக் கழுவியவரின் நினைவாக நடக்கும் சடங்கில் அழுக்குப் பாதங்கள் மட்டும் தள்ளி உட்கார்ந்திருந்தன. 2016 ஜனவரியில் போப் பிரான்சிஸ் ரோமன் வழிபாட்டு விதியை மாற்றிப் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று அறிவித்தார். விதி திறந்திருக்கிறது. கொழுந்து எடுக்கும் பெண்ணை, இடுப்பில் கட்டிய படங்கை அவிழ்த்த கையோடு அழைத்து வந்து உட்காரவைக்கும் பங்குச்சாமியார் கிடைத்தால், அன்று நான் நேரில் வந்து பார்ப்பேன்.

கைதாகும்போது அவர் கேட்ட ஒரே சலுகை, தேடி வந்தது தன்னைத்தான் என்றால் இவர்களைப் போகவிடுங்கள் என்பது. அடுத்து அன்னாவின் வீடு. யோவான் பதினெட்டாம் அதிகாரம். பிரதான ஆசாரியனுக்கு இப்படியா பதில் சொல்வது என்று காவலன் ஒருவன் கன்னத்தில் அறைகிறான். ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் அல்லவா இவர்? காட்டவில்லை. திருப்பி அடிக்கவும் இல்லை. கேள்வி கேட்டார். பேசியது தவறென்றால் எது தவறு என்று எடுத்துக்காட்டு, சரியென்றால் ஏன் அடித்தாய் என்று கேட்டார். கை கட்டப்பட்ட ஒருவர், அடித்தவனை மனிதனாக மதித்து, அவனிடமே நியாயம் கேட்கிறார். மறு கன்னம் என்பதற்கு இயேசுவே எழுதிய உரை இது என்று நான் வாசிக்கிறேன். பொறுத்துக்கொள் என்று ஏழைகளுக்கு உபதேசிக்கிறவர்கள் மலைப்பிரசங்கத்தோடு நின்றுவிடுகிறார்கள். அன்னாவின் வீடுவரை வருவதில்லை.

இந்தக் கேள்வி எங்கள் பக்கத்தில் இரண்டு முறை உரக்க ஒலித்ததைக் கேட்டிருக்கிறேன். இரண்டு முறையும் கேட்டவர்கள் பெண்கள். இரண்டு முறையும் அது கோயிலுக்கு வெளியே ஒலித்தது.

பாலக்காட்டுச் சமவெளியில், சித்தூர் தாலுகாவில், பெருமாட்டி பஞ்சாயத்தில் இருக்கிறது பிளாச்சிமடை. கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரை தமிழ் புழங்கும் மண் அது. 2000இல் அங்கே கோகோ கோலா ஆலை ஓடத் தொடங்கியது. சில மாதங்களில் கிணறுகள் இறங்கின. மிஞ்சிய நீரில் சோறு சரியாக வேகவில்லை, குளித்தால் உடம்பு அரித்தது. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தொலைவுக்கு நடந்தார்கள். எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா என்ற பெண்மணி முன்னே நிற்க, 2002 ஏப்ரல் 22இல் ஆலை வாசலில் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். நாங்கள் சொல்வது தவறென்றால் தவறைக் காட்டுங்கள் என்பதே அவர்கள் வழக்கின் சாரம். 2003இல் பி.பி.சி. வானொலி, உரம் என்று விவசாயிகளுக்குக் கொடுக்கப்பட்ட ஆலைக் கழிவைச் சோதிக்க வைத்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. மயிலம்மா 2007 ஜனவரியில் இறந்தார். 2010இல் அரசு அமைத்த உயர்நிலைக் குழு இழப்பை 216 கோடி ரூபாய்க்கு மேல் என்று கணக்கிட்டது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்காக 2011இல் கேரளச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இரண்டாவது, மூணாறு. 2015 செப்டம்பர். 20 சதவீதம் போனஸ் கேட்ட தோட்டத் தொழிலாளர்களுக்கு 10 சதவீதம் என்றார்கள். அப்போது நாள் கூலி 232 ரூபாய். ஆயிரக்கணக்கான பெண்கள் வேலைக்குப் போகாமல் இறங்கி வந்து ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ்ப் பெண்கள். ஆண்கள் நடத்தும் தொழிற்சங்கங்களை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயர் அப்போது பிறந்தது. ஒன்பது நாளில் அந்த 20 சதவீதம் வந்தது. கூலி பிறகு 301 ஆனது. கேட்டது 500. அவர்கள் யாரையும் அடிக்கவில்லை, மறு கன்னத்தையும் காட்டவில்லை. ஏன் என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் கழுத்தில் செபமாலையோடு அத்தையின் வயதொத்த பெண்கள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது, யோவான் பதினெட்டு எனக்குப் புரிந்தது. எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருந்தும் அதுவரை புரிந்ததில்லை.

இனி எட்டாம் நிலைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சிலுவைப்பாதையின் எட்டாம் நிலை, இயேசு எருசலேம் பெண்களிடம் பேசும் இடம். நான்கு நற்செய்திகளில் லூக்கா மட்டுமே இதை எழுதினார். ஏரோது கேள்விமேல் கேள்வி கேட்டும் வாய் திறக்காதவர், பிலாத்துவுக்கு லூக்காவின் கணக்கில் ஒரே ஒரு சிறு பதில் சொன்னவர், தெருவில் அழுத பெண்களின் பக்கம் திரும்பி அன்றைய நாளின் மிக நீண்ட பேச்சைப் பேசினார். ஆணி இறங்குவதற்கு முன் அவர் பேசியதாக லூக்காவில் உள்ள கடைசிப் பேச்சு அதுவே.

அந்தப் பெண்கள் சும்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு போகவில்லை. மாரில் அடித்துக்கொண்டு புலம்பினார்கள் என்று எழுதியிருக்கிறது. மாரடித்து அழுவது என்றால் என்னவென்று தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அது ஒப்பாரி. எங்கள் லயங்களில் சாவு விழுந்தால் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து தோள் கட்டி அழுவார்கள். அந்த அழுகையில் செத்தவரின் பெருமை இருக்கும். அதைவிட அதிகமாகக் குற்றச்சாட்டு இருக்கும். சரியான நேரத்துக்கு வண்டி கொடுக்காதவர், ஆஸ்பத்திரியில் பார்க்காமல் விட்டவர், கூலியைப் பிடித்தவர், திரும்பிப் பார்க்காத பெரிய மகன் என்று எல்லாரும் அந்த அழுகைக்குள் வருவார்கள். ஊரில் எழுத்து தெரியாத பெண்ணுக்கு இருந்த ஒரே சாட்சிக் கூண்டு ஒப்பாரி.

நம் சபைகள் அதை அமர்த்தப் பார்த்தன. நமக்கு உயிர்த்தெழுதலின் நம்பிக்கை இருக்கிறது, நம்பிக்கை இல்லாதவர்களைப் போல அழக்கூடாது என்று சாவு வீட்டில் சொல்வார்கள். எங்கள் தாத்தா இறந்தபோது மாரில் அடித்துக்கொண்டிருந்த பாட்டியின் கையை ஒருவர் பிடித்து நிறுத்தியதை நான் பார்த்தேன். பாட்டி நிறுத்திவிட்டார். அதன் பிறகு அவர் பேசுவதும் குறைந்தது.

சாவை நோக்கி நடந்துகொண்டிருந்த இயேசு அந்தப் பெண்களின் கையைப் பிடிக்கவில்லை. அழாதே என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. தனக்காக அல்ல, உங்களுக்காகவும் உங்கள் பிள்ளைகளுக்காகவும் அழுங்கள் என்றார். ஒப்பாரியை அடக்கவில்லை, அதன் முகத்தைத் திருப்பினார். இதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாக அவருக்காக அழுதிருக்கிறோம், அதில் மனம் நிறைந்திருக்கிறோம். அவரே வேண்டாம் என்று சொன்ன அழுகை அது. அவர் கேட்ட அழுகையை இன்னும் முழுதாக அழவில்லை.

நான் போன சிலுவைப்பாதைகளில் எட்டாம் நிலையில் இந்த முதல் வரியோடு நிறுத்திவிடுவார்கள். லூக்காவில் பேச்சு அதோடு முடியவில்லை. பிள்ளை பெறாதவளும் பால் கொடுக்காதவளும் பாக்கியசாலி என்று சொல்லும் நாள் வரும் என்கிறார். மலடி என்ற சொல்லால் பெண்களைக் கொன்ற சமூகம் நம்முடையது, அவருடையதும் அப்படித்தான். பிள்ளை இல்லாததே நல்லது என்று ஒரு தாய் சொல்ல வேண்டுமானால், பிள்ளைக்கு நேர்வதைப் பார்த்து அவள் எவ்வளவு உடைந்திருக்க வேண்டும்! அடுத்த வரியில் மலை வருகிறது. அந்த நாளில் மக்கள் மலைகளைப் பார்த்து எங்கள் மேல் விழுங்கள் என்றும், குன்றுகளைப் பார்த்து எங்களை மூடுங்கள் என்றும் சொல்வார்கள் என்கிறார். ஓசியா தீர்க்கன் எழுதியதை எடுத்துச் சொல்கிறார். கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேமைத் தரைமட்டமாக்கியபோது அந்தப் பெண்களின் பிள்ளைகள் நடுவயதில் இருந்திருப்பார்கள். விரிவுரையாளர்கள் அதைத்தான் குறிப்பதாகச் சொல்வார்கள். நானும் அப்படியே ஏற்றிருந்தேன், 2020 ஆகஸ்ட் வரை.

2020 ஆகஸ்ட் 6. மூணாறிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி, ராஜமலைக்கு அப்பால் பெட்டிமுடி. நாள்கணக்காக மழை. மின்சாரம் இல்லை, போன் சிக்னல் இல்லை. இரவு பதினொரு மணிக்குக் கொஞ்சம் முன்னால் மேலே மலை பிளந்து, பாறையும் சேறுமாக இறங்கி, நான்கு லயங்களை அடித்துக்கொண்டு போனது. அங்கே இருந்தவர்கள் 82 பேர். பிழைத்தவர்கள் 12. செத்தவர்கள் 70 பேர். அவர்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், கைக்குழந்தைகள். பல குடும்பங்களின் பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு. நடந்தது வெளியுலகத்துக்குத் தெரிந்தது மறுநாள் விடிந்த பிறகு. பெரியவாரைப் பாலம் ஏற்கனவே வெள்ளத்தில் பழுதாகிக் கிடந்ததால் மீட்பு வண்டிகள் தடுமாறித்தான் மேலே ஏறின. உடல்களை ராஜமலையில் ஒரே நிலத்தில் வரிசையாக அடக்கம் செய்தார்கள்.

அடுத்த பெரிய வெள்ளியில் எட்டாம் நிலையில் நின்றபோது, வாசிக்கப்படாத அந்த வரி எனக்குள் தானாக ஓடியது. மலைகளே எங்கள் மேல் விழுங்கள் என்று பெட்டிமுடியில் யாரும் சொல்லவில்லை. அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்று பகலிலும் மழையில் நனைந்து வேலை செய்துவிட்டு வந்த உடம்புகள். முன்பு சொன்ன வேறுபாட்டுக்காகத்தான் இங்கே திரும்ப வருகிறேன். தூங்கினவர்கள் மேல் பிழை இல்லை. அவர்கள் தூங்கும்போது விழித்திருக்க வேண்டியவர்கள் யார்? அந்த மழையில் அந்தச் சரிவின் கீழிருந்து அவர்களை இறக்கியிருக்க வேண்டியவர்கள் யார்? தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுக்கும் கடமையை அப்போது நடப்பில் இருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் முதலாளியின் மேல் வைத்திருந்தது. ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, முன்னால் ஒரு திண்ணை. அந்த வீடும் வேலை இருக்கும்வரைதான். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். நான்கைந்து தலைமுறையாக மலையைப் பச்சையாக்கியவர்களுக்கு அந்த மலையில் சொந்தமாகக் கால் வைக்க மண் கிடையாது. எந்த லயம் எந்தச் சரிவில் இருக்க வேண்டும் என்பதை அவர்கள் தீர்மானிக்கவில்லை.

மறுநாள் ஆகஸ்ட் 7 இரவில் கரிப்பூரில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களுக்குக் கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடியில் இறந்தவர்களுக்கு 5 லட்சம். விமான விபத்தில் இறந்தவர்களுக்குக் கொடுத்தது அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே அரசின் பிள்ளைகளுக்கு ஒரு நாள் இடைவெளியில் இரண்டு விலை போடப்பட்டது. எருசலேம் பெண்களிடம் அவர் கேட்ட அழுகை அதற்காகத்தான்.

இது தேவனுடைய தண்டனை என்று அந்த நாட்களில் சிலர் சொன்னார்கள். 2024 ஜூலை 30இல் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் புதைந்தபோதும் சொன்னார்கள். கிறிஸ்தவர்கள் அப்படிச் சொல்லும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. எருசலேமை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நாட்களில் இயேசுவிடமே இந்தப் பேச்சு வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்திருந்தார்கள். அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். அதோடு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களை மனந்திரும்பச் சொன்னார். விழுந்ததைப் பார்த்துச் செத்தவர்களின் பாவத்தைத் தேடாமல், உயிரோடிருப்பவர்கள் தங்கள் வழியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதே அதன் பொருள். மலை விழுவதற்கு மழை ஒரு காரணம், சரிவு ஒரு காரணம், கீழே வீடு கட்டியது ஒரு காரணம். மூன்றில் ஒன்றாவது மனிதன் கையில் இருக்கிறது.

பெண்களிடம் பேசியதன் கடைசி வரி மரத்தைப் பற்றியது. பச்சை மரத்துக்கே இப்படிச் செய்தால் பட்டமரத்துக்கு என்ன நடக்கும் என்ற பொருளில் கேட்கிறார். அடுப்பு ஊதியவருக்குத்தான் இதன் கூர்மை தெரியும். ஆனி ஆடி மழையில் லயத்தில் காய்ந்த விறகு கிடைக்காது. ஈர விறகு எரியாது, புகையும். அம்மா கண்ணெல்லாம் சிவந்து ஊதிக்கொண்டே இருப்பார். பச்சை மரத்தை எரிக்க வேண்டுமானால் தீ எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்! குற்றமற்ற தன்னையே எரிக்கும் அளவுக்கு இந்த அதிகாரம் மூண்டுவிட்டதென்றால், நாதியற்ற உங்கள் பிள்ளைகளை இது எப்படி விட்டுவைக்கும் என்று அந்தத் தாய்மாரை எச்சரிக்கிறார். தன் சாவைத் தனியாகப் பார்க்க வேண்டாம், அதே தீ அடுத்து எங்கே போகிறது என்று பாருங்கள் என்கிறார்.

ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டேனியல் அப்படிப் பார்த்த ஒருவர். வால்பாறை, பாலக்காட்டுக்கும் இடுக்கிக்கும் நடுவில் தமிழ்நாட்டுப் பக்கம் நிற்கும் மலை. அங்கே அவர் கண்ட சாவுகளையும் அடிமைத்தனத்தையும் 1969இல் ‘ரெட் டீ’ என்று ஆங்கில நாவலாக எழுதினார். இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் ‘எரியும் பனிக்காடு’ ஆகத் தமிழுக்கு வந்த புத்தகம் அது. மருந்து கொடுப்பதோடு நிற்காமல் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டியவர் அவர். நம் ஞாயிறு பள்ளிகளில் தூரதேசத்து மிஷனரிகளின் கதைகளைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இவரைச் சொல்லிக்கொடுத்து நான் கேட்டதில்லை.

அம்மா இப்போது இல்லை. அத்தை ஓய்வு பெற்று லயத்தைக் காலி செய்து மகளோடு சமவெளியில், சித்தூர் பக்கம் இருக்கிறார். பாலக்காட்டு லத்தீன் கத்தோலிக்கர்களுக்காகக் கோயமுத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பிரித்து 2013 டிசம்பர் 28இல் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் அமைக்கப்பட்டது. அதன் தமிழ்ப் பங்கு ஒன்றில் அத்தை இன்னும் பெரிய வெள்ளிக்குச் சிலுவைப்பாதை போகிறார். முட்டி வலி. எட்டாம் நிலை வரைதான் நடக்க முடிகிறது, அதோடு உட்கார்ந்துவிடுகிறார். போன முறை பார்த்தபோது லூக்கா இருபத்து மூன்றாம் அதிகாரத்தின் அந்த நான்கு வசனங்களையும் அவருக்கு முழுதாக வாசித்துக் காட்டினேன். மலை வரும் இடத்தில் நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதெல்லாம் எங்களுக்கு ஏன்யா சொல்லல?” என்று கேட்டார்.

மலையிலும் சமவெளியிலும் இருக்கும் சாமியார்களையும் ஐயர்களையும் கேட்டுக்கொள்கிறேன். வருகிற பெரிய வெள்ளியில் எட்டாம் நிலையில் முதல் வரியோடு நிறுத்தாதீர்கள். மும்மணி ஆராதனையில் ஏழு வார்த்தைகளுக்கு முன்னால் இருபது நிமிடம் இந்தப் பேச்சுக்குக் கொடுங்கள். அதைப் பேச ஒரு தோட்டத்துப் பெண்ணை அழையுங்கள். மலை வரும் வரியை உரக்க வாசியுங்கள். வாசித்து முடித்ததும் உங்கள் பங்கில், உங்கள் சபையில், எந்தெந்த லயம் எந்தெந்தச் சரிவின் கீழ் இருக்கிறது, அதில் எத்தனை பிள்ளைகள் தூங்குகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனி மாத மழை தொடங்குவதற்குள் அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு கலெக்டரிடமும் தோட்ட நிர்வாகத்திடமும் போங்கள்.

பெட்டிமுடியில் செத்த 70 பேரில் கிடைத்த உடல்கள் 66. நான்கு பேர் இன்னும் அந்த மலைக்குள்தான் இருக்கிறார்கள்.